ஆடுகள் வளர்த்த நாய்



துருக்கி நாட்டின் கங்கால் நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நாயிலிருந்து தொடங்கினால் இந்த நாய் நமக்குப் புரியாது. ஆட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

துருக்கியின் நடுவே அனத்தோலியப் பீடபூமி. அதில் சிவாஸ் என்றொரு மாகாணம். அந்த மாகாணத்துக்கு உட்பட்ட ஒரு வட்டத்தின் பெயர் கங்கால். ஊரின் பெயரே நாய்க்கும் ஆயிற்று. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலான உயரம். மரங்கள் குறைந்த, கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்லாய் விரிந்த மேட்டு நிலம். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும். கோடையில் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவில் போர்வை தேவைப்படும். கோதுமையும் பார்லியும் விளைகின்றன. மற்றபடி அந்த மண்ணின் செல்வம் செம்மறிதான். அக்கரமான் என்ற வகை. உடல் வெள்ளை, கண்ணையும் வாயையும் சுற்றிக் கறுப்பு. வால் அகன்று தடித்திருக்கும். புல் கிடைக்கும் காலத்தில் அந்த வாலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, பனிக்காலத்திலும் வறட்சியிலும் அதை வைத்தே தாக்குப்பிடிக்கும் ஆடு அது.

கோடை பிறந்ததும் மந்தைகள் மேட்டு மேய்ச்சலுக்கு ஏறும். யய்லா என்பார்கள் அந்தக் கோடை மேய்ச்சல் நிலத்தை. அங்கே வேலி கிடையாது. மேய்ப்பர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள், நூற்றுக்கணக்கில் ஆடுகள் இருக்கும், இருட்டினால் ஓநாய் வரும்.

ஓநாய்தான் இந்தக் கதையின் மையம். பிரிட்டனிலும் மேற்கு ஐரோப்பாவின் பல பகுதிகளிலும் ஓநாயை வேட்டையாடித் தீர்த்துக் கட்டினார்கள். ஓநாய் போனதும் மந்தைக் காவல் நாய்க்கும் வேலை போயிற்று. நாளடைவில் அதை வளர்க்கும் அறிவும் போயிற்று. 1990களில் இத்தாலிப் பக்கமிருந்து பிரான்சின் ஆல்ப்ஸ் மலைக்கு ஓநாய் திரும்பி வந்தபோது, அங்கிருந்த மேய்ப்பர்கள் காவல் நாய் வளர்ப்பதைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. துருக்கியில் ஓநாய் அழியவே இல்லை. அதனால் நாயும் அழியவில்லை, நாயை வளர்க்கும் அறிவும் அறுபடவில்லை. பகையையும் காவலையும் ஒருசேரக் காப்பாற்றிவைத்த நிலம் அது.

இனி நாயைப் பார்ப்போம். ஆண் நாய் தோள் வரை 72 முதல் 78 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். எடை 50 கிலோவை ஒட்டி, சில 60 வரை. வெளிர் மணல் நிறத்திலிருந்து சாம்பல் கலந்த பழுப்பு வரை உடல் நிறம். முகமும் காதுகளும் கறுப்பு. உடலை மூடியிருக்கும் குட்டை மயிருக்குக் கீழே அடர்த்தியான அடிமயிர் ஒன்று உண்டு. பனி அதைத் தாண்டித் தோலைத் தொடாது. வெயில் காலம் வந்தால் அடிமயிர் உதிர்ந்துவிடும். வாலைக் கவனியுங்கள். நாய் நிதானமாக இருக்கும்போது வால் தாழ்ந்திருக்கும். ஏதோ ஒன்று நெருங்குகிறது என்று உணர்ந்த கணத்தில் அது எழுந்து முதுகின் மேல் வளையமாகச் சுருளும். எதிர்ச்சரிவில் உட்கார்ந்திருக்கும் மேய்ப்பருக்கு அந்த வால் ஒன்றே போதும். நாய் எதைக் கண்டது என்று அவர் எழுந்து பார்ப்பார்.

இந்த நாய் ஆடு ஓட்டாது. ஸ்காட்லாந்து எல்லைப்புறத்துக் கோலி நாயைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். உடலைத் தாழ்த்தி, கண்ணை இமைக்காமல் பார்த்து, பதுங்கி ஓடி மந்தையைத் திருப்பும். அதெல்லாம் வேட்டையின் அசைவுகள், கடிப்பது ஒன்றைத் தவிர. கங்காலிடம் இந்த அசைவுகள் மங்கிப்போயிருக்கும். ஆட்டை முறைத்துப் பார்க்கும் நாய், ஆட்டின் பின்னால் ஓடும் நாய் அந்த மேய்ப்பர்களுக்கு உதவாது. ஆடுகளுக்கு நடுவே தலையைத் தாழ்த்தி, கண்ணைத் திருப்பிக்கொண்டு, மெதுவாக நடக்கும் நாய்தான் அவர்களுக்கு நல்ல நாய். ஆடு அதைக் கண்டு ஒதுங்கக்கூட ஒதுங்காது.

அதன் வேலை பெரும்பாலும் இரவில். கிடைக்கு அருகே சற்று மேடான இடத்தைப் பிடித்துப் படுக்கும். அவ்வப்போது எழுந்து சுற்றி வரும். எல்லையில் சிறுநீர் கழித்துத் தன் வாடையை விட்டுவரும். குரைக்கும். விடிய விடியக் குரைப்பதுதான் அதன் வேலையில் பெரும்பங்கு. ஓநாய் கணக்குப் பார்க்கும் விலங்கு. ஒரு காலில் காயம் பட்டால் அதனால் வேட்டையாட முடியாது, பட்டினிதான். ஆகவே எளிதில் கிடைக்காத இரையை அது விட்டுவிட்டுப் போகும். “இங்கே வந்தால் உனக்குச் சேதம் நிச்சயம்” என்று தொலைவிலிருந்தே அறிவிப்பதுதான் காவல் நாயின் கலை. ஓநாய் மேலும் நெருங்கினால், நாய் மந்தைக்கும் அதற்கும் நடுவில் போய் நிற்கும். நாயோடு பழகிய ஆடுகள் அதன் பின்னால் நெருங்கிச் சேர்ந்துகொள்ளும். அதையும் மீறினால்தான் சண்டை. கழுத்தில் ஆணிகள் வெளியே நீட்டிய இரும்புப் பட்டை கட்டுவது அந்த ஒரு தருணத்துக்காக. ஓநாய் குறிவைப்பது தொண்டையை. நல்ல காவல் நாய்கள் பல இரவுகளைச் சண்டையே இல்லாமல் கழிக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். ஓநாயைத் துரத்திக்கொண்டு மலை தாண்டி ஓடும் நாயை மேய்ப்பர்கள் விரும்புவதில்லை. ஓர் ஓநாயை நாய் துரத்திப் போகும் நேரத்தில் வேறோர் ஓநாய் மறுபக்கம் வந்து ஆட்டைத் தூக்கிவிடும். அதனால்தான் தனி நாயை நம்பாமல் இரண்டு மூன்றாக வைத்திருக்கிறார்கள்.

இத்தகைய நாயை எப்படி உருவாக்குகிறார்கள்? பயிற்சியால் என்று நாம் நினைப்போம். வெளியூர்க்காரர்கள் தவறும் இடம் இதுதான்.

தாய் நாய் ஆட்டுப் பட்டியின் ஓரத்தில், சில நேரம் தானே தோண்டிய குழியில், குட்டி போடும். குட்டிகள் கண் திறக்கும் முன்பே அவற்றின் மூக்கில் ஏறுவது ஆட்டின் வாடை. காது கேட்கத் தொடங்கும்போது முதலில் கேட்பது ஆட்டின் சத்தம். ஏறத்தாழ மூன்றாவது வாரம் முதல் நான்காவது மாதம் வரை நாய்க்குட்டியின் மனம் திறந்திருக்கும். அந்தக் காலத்தில் எவற்றோடு இருக்கிறதோ அவற்றையே தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும். பட்டிக்குள் வளர்ந்த குட்டிக்கு ஆடுகள்தான் உறவு. வீட்டுக்குள் வளர்ந்த குட்டிக்கு வீட்டார்தான் உறவு. ஆறாவது மாதத்தில் அதைக் கொண்டுபோய் மந்தையில் விட்டு “காவல் பார்” என்றால் பார்க்காது. வீட்டுக்குத் திரும்பி ஓடிவரத்தான் பார்க்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மனிதக் கையே படாமல் வளர்க்க வேண்டும் என்று மேலை நாடுகளில் ஒரு காலத்தில் சொல்லிவந்தார்கள். கூப்பிட்டால் வராத, தடுப்பூசி போடப் பிடிக்க முடியாத, காயத்தைத் தொடவிடாத நாய்கள்தான் அதனால் உருவாயின. மேய்ப்பர் தினமும் தொட வேண்டும், வாயைத் திறந்து பார்க்க வேண்டும், கழுத்தில் கயிறு போட்டு நடத்த வேண்டும். குட்டியின் வீடு மட்டும் பட்டியாகவே இருக்க வேண்டும்.

அடுத்து வருவது விடலைப் பருவம். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை மேய்ப்பரின் பொறுமைக்குச் சோதனைக் காலம். நாய்க்கு 40 கிலோ உடம்பு வந்துவிடும், புத்தி குட்டியாகவே இருக்கும். ஆட்டுக்குட்டியின் காதைக் கடித்து விளையாடும். கம்பளி மயிரைப் பிடித்து இழுக்கும். துள்ளி ஓடும் குட்டியைத் துரத்தும். அதன் மனதில் கொலை எண்ணம் ஏதுமில்லை, வெறும் விளையாட்டு. ஆனால் ஆடு செத்துப்போகும். இந்தக் காலத்தில் குட்டி ஈனும் ஆடுகளோடு இளநாயைத் தனியே விடமாட்டார்கள். முரட்டுக் கிடாய்களோடும் அனுபவப்பட்ட பெட்டை ஆடுகளோடும் விடுவார்கள். விளையாட வந்தால் அவை முட்டித் தள்ளும்; நாய் அடங்கும். கிழட்டுக் காவல் நாய் ஒன்று கூட இருந்தால் இன்னும் நல்லது. ஓர் உறுமலில் இளசைத் திருத்திவிடும். மேய்ப்பரும் கண்டித்துக்கொண்டே இருப்பார். இரண்டு வயது ஆனபின்தான் முழுக் காவலை நம்பி ஒப்படைப்பது. அப்படித் தேறிய நாயைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஈன்ற ஆட்டின் நஞ்சுக்கொடியைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்யும், ஈரம் காயாத ஆட்டுக்குட்டியை நக்கிவிடும், நடக்கத் தெரியாமல் பின்தங்கிய குட்டியின் பக்கத்திலேயே படுத்திருக்கும்.

தேறாத நாய் என்ன ஆயிற்று? ஆட்டைக் கடித்த நாயை மேய்ப்பர்கள் வைத்துக்கொண்டதில்லை. கேட்கக் கடுமையாக இருக்கிறது. ஆனால் எத்தனையோ தலைமுறைகளாக நடந்த அந்தக் கழிப்புதான் இந்த இனத்தை உருவாக்கியது. கண்காட்சி மேடையில் யாரோ மதிப்பெண் போட்டு உருவாக்கிய இனமல்ல கங்கால்.

உணவைப் பற்றிக் கேட்பீர்கள். யால் என்று ஒன்று கொடுப்பார்கள். பார்லி மாவில் கொதிநீரை ஊற்றிக் கிளறினால் வருவது. நம் களியைப் போலவே கெட்டியாக இருக்கும். பாலாடைக்கட்டி செய்த பின் மிஞ்சும் மோர்த்தெளிவு, காய்ந்த ரொட்டித் துண்டு, கிடைத்தால் எலும்பு, எல்லாம் அதில் சேரும். ஆறியதும் கல்தொட்டியிலோ பழைய பாத்திரத்திலோ ஊற்றுவார்கள். அவ்வளவு பெரிய உடம்புக்கு இந்த நாய் சாப்பிடுவது குறைவுதான். என்றாலும் சினை நாய்க்கும் வளரும் குட்டிக்கும் யால் மட்டும் போதாது, புரதம் வேண்டும். அதே சமயம், குட்டி சீக்கிரம் பெருக்க வேண்டும் என்று அளவுக்கு மீறித் தீனியும் சுண்ணாம்புச் சத்து மருந்தும் திணிப்பது அதைவிடக் கேடு. பெரிய இன நாய்களில் எலும்பு வேகமாக வளர்ந்தால் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போகலாம்.

கால்நடை மருத்துவ மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆட்டை அறுத்ததும் கொப்புளம் கண்ட ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு வீசிவிடுவது மேய்ச்சல் நாடுகளில் பழைய வழக்கம். அந்தக் கொப்புளத்துக்குள் இருப்பது ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம். நாயின் குடலில் அது முதிர்ந்து முட்டை இடும். முட்டை நாயின் மலத்தோடு புல்லுக்கும், நாயின் மயிர் வழியே மனிதக் கைக்கும் வரும். கையிலிருந்து வயிற்றுக்குள் போனால் மனித ஈரலில் கட்டியாக வளரும். ஹைடாடிட் நோய் என்கிறோம். துருக்கியில் இது நெடுங்காலமாக உள்ள நோய்; குர்பான் பெருநாள் வரும்போதெல்லாம் உள்ளுறுப்புகளை நாய்க்குப் போடாதீர்கள், ஆழமாகப் புதையுங்கள் என்று அங்கே எச்சரிக்கிறார்கள். நாய்க்குக் காலம் தவறாமல் பிராசிகுவான்டெல் என்ற நாடாப்புழு மருந்து கொடுப்பதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும் நாய் வளர்ப்பின் பாதி வேலை.

காது வெட்டும் பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓநாய் பிடிக்க இடம் கொடுக்கக் கூடாது என்று குட்டியிலேயே காதை அறுத்துவிடுவார்கள். 2004இல் துருக்கி இயற்றிய விலங்குப் பாதுகாப்புச் சட்டம், மருத்துவக் காரணமின்றிக் காதையும் வாலையும் வெட்டுவதைத் தடை செய்தது. நாய்ச் சண்டையையும் தடை செய்தது. பழக்கம் முற்றாக ஒழிந்துவிடவில்லை. வலியைத் தவிர அதனால் நாய்க்கு ஏதும் கிடைப்பதில்லை என்பதே என் முடிவு.

அனத்தோலியாவில் கங்கால் மட்டும் இல்லை. மேற்குப் பகுதியில் வெள்ளை நிற அக்பாஷ், கிழக்கே கார்ஸ் மலைகளில் நீண்ட மயிர் கொண்ட கார்ஸ் நாய், நடுப்பகுதியில் அக்சராயின் கனத்த மலக்லி. எல்லாவற்றையும் ஒரே இனமாக ‘அனத்தோலிய மேய்ப்பு நாய்’ என்று வெளிநாட்டார் பதிந்தார்கள். துருக்கியர் அதை ஒருபோதும் ஏற்கவில்லை. உலக நாய்ச் சங்கக் கூட்டமைப்பு 2018இல் தன் பதிவேட்டில் கங்கால் என்ற பெயரையே வைத்தது.

இந்த நாய் உலகம் சுற்றிய கதைக்கும் ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. 1960களின் பிற்பகுதியில் துருக்கியில் பணியாற்றிய ராபர்ட் பல்லார்ட் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி தம் நாய்களோடு ஊர் திரும்பினார். அக்பாஷ் நாய்களை டேவிட் நெல்சன், ஜூடித் நெல்சன் தம்பதியர் அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்தினார்கள். 1972இல் அதிபர் நிக்சன், அரசு நிலங்களில் ஊனுண்ணி விலங்குகளுக்கு நஞ்சு வைப்பதற்குத் தடை போட்டார். கொயோட்டி நரிகளிடம் ஆட்டைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த பண்ணையாளர்கள் மாற்று வழி தேடினார்கள். மாசசூசெட்ஸின் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் ரேமண்ட் காப்பிஞ்சரும் லோர்னா காப்பிஞ்சரும் இத்தாலி, யுகோஸ்லாவியா, துருக்கி நாடுகளிலிருந்து குட்டிகளைக் கொண்டுவந்து, வளர்த்து, பண்ணைகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார்கள். நல்ல காவல் நாய்க்கு அவர்கள் கண்ட இலக்கணம் மூன்று: மந்தையை விட்டு அகலாத கவனம், ஆட்டுக்குத் தீங்கு செய்யாத நம்பகம், பகை வந்தால் காக்கும் குணம். வீரம் மூன்றாவதாகத்தான் வருகிறது.

நமீபியாவில் நடந்ததைக் கேளுங்கள். 2022 செப்டம்பரில் நம் குனோ காட்டுக்கு எட்டுச் சிவிங்கிப்புலிகள் வந்தனவே, அதே நாடு. ஆட்டைத் தின்கிறது என்று பண்ணையாளர்கள் அங்கே சிவிங்கிப்புலிகளைச் சுட்டுவந்தார்கள். லாரி மார்க்கர் நிறுவிய சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் 1994 முதல் அவர்களுக்குத் துருக்கிய வழிவந்த காவல் நாய்க்குட்டிகளைக் கொடுக்கத் தொடங்கியது. சிவிங்கிப்புலி ஓட்டத்துக்கென்றே மெலிந்த உடம்பு கொண்டது. நின்று குரைக்கும் நாயோடு மோதாமல் விலகிவிடும். 2005இல் வெளியான ஆய்வில், நாய் வந்தபின் ஆட்டிழப்பு பெருமளவு குறைந்ததாக 73 விழுக்காட்டுப் பண்ணையாளர்கள் சொன்னார்கள். ஆடும் பிழைத்தது, சுடப்படாமல் சிவிங்கிப்புலியும் பிழைத்தது. கொல்லாமல் காப்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 2024 மார்ச் 12ஆம் தேதி, மத்திய அரசின் கால்நடைத் துறை மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. மனித உயிருக்கு ஆபத்தானவை என்று இருபதுக்கும் மேற்பட்ட நாய் வகைகளின் பட்டியல், அவற்றுக்கு இறக்குமதித் தடை, விற்பனைத் தடை. அதில் கங்காலும் உண்டு, அக்பாஷும் உண்டு. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்ற காரணத்தால் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. டென்மார்க் 2010இலேயே கங்காலைத் தடை செய்துவிட்டது. மந்தையைக் காக்கவென்று வளர்த்த நாயையும், களத்தில் மோதவிடவென்று வளர்த்த நாயையும் ஒரே வரிசையில் நிறுத்துவது அறியாமை என்றே கருதுகிறேன். ஆனால் அந்தப் பட்டியலுக்குக் காரணமான அச்சத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் நம் ஊரில் இந்த நாயை வாங்குவோரில் எத்தனை பேருக்கு ஆடு இருக்கிறது? ஓநாயைக் கடித்துக் கொல்லும், உலகிலேயே வலிய கடி என்று இணையத்தில் சுற்றும் எண்களைப் பார்த்து வாங்குகிறார்கள். அந்த எண்களுக்கு முறையான அளவீடு எதுவும் பின்னால் இல்லை. அந்த மோகத்துக்காகவே துருக்கியிலும் சிலர் கனத்த இனங்களோடு கலந்து உருவத்தைப் பெருக்குகிறார்கள். ஒரு நாள் முழுக்க மந்தையோடு நடக்க முடியாத உடம்புதான் மிஞ்சுகிறது. என்னிடம் கொண்டுவரப்பட்ட ஒரு கங்கால், மாடி வீட்டில் இரண்டு மீட்டர் சங்கிலியில் வளர்ந்தது. முழங்கைகளில் மயிர் உதிர்ந்து, கான்கிரீட் தரையில் படுத்துப் படுத்துத் தோல் காய்த்துக் கறுத்திருந்தது. கழுத்துப்பட்டை அழுத்திய தடத்தில் புண். இரவெல்லாம் குரைக்கிறது, வருகிறவர்களைக் கடிக்கப் பாய்கிறது, ஊசி போட்டு அடக்க முடியுமா என்று கேட்டார்கள். இரவில் குரைப்பதும், அறிமுகமில்லாதவரை மறித்து நிற்பதும், யாரையும் கேட்காமல் தானே முடிவெடுப்பதும் அந்த மேட்டு நிலத்தில் அதற்கு வேலை. அடுத்த வீட்டுக்கும் நமக்கும் ஒரு சுவர் மட்டுமே உள்ள தெருவில் அதுவே ஆபத்து. அந்த நாயிடம் கோளாறு எதையும் நான் காணவில்லை. அது இருந்த இடம்தான் கோளாறு.

துருக்கிக்கு நடைப்பயணம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மந்தையைக் கண்டால் விலகிச் சுற்றிப் போங்கள். நாய் வந்தால் ஓடாதீர்கள், கல் எடுக்காதீர்கள், நின்று மேய்ப்பரைக் கூப்பிடுங்கள். சைக்கிளில் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள். நீங்கள் ஆட்டைத் தேடி வரவில்லை என்று தெரிந்ததும் அது திரும்பிப் போய்விடும்.

குட்டி வாங்கும் எண்ணத்தோடு இங்கே யாரேனும் வந்திருந்தால் கேட்டுக்கொள்கிறேன்: மந்தை இல்லாதவர்கள் கங்கால் வாங்காதீர்கள். வீட்டுக்கு நாய் வேண்டுமென்றால் நம் ஊர் நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வளருங்கள். ஏற்கெனவே கங்கால் வைத்திருப்பவர்கள் இனப்பெருக்கம் செய்ய வேண்டாம். சங்கிலியை அவிழ்த்துவிடுங்கள், தாண்ட முடியாத உயரத்துக்கு வேலி போட்ட ஒரு தோட்டத்தை அதற்குக் கொடுங்கள், நிழலும் மண் தரையும் நல்ல தண்ணீரும் வையுங்கள், அடுத்த வெறிநோய்த் தடுப்பூசி எப்போது என்று இன்றே அட்டையை எடுத்துப் பாருங்கள்.